மறுபிறவி இல்லை, மய்யித்தின் கடன் உண்டு



நம் திருக்கோஷ்டியூர் 108 திவ்ய தேசங்களுள் ஒன்று. அண்டை வீட்டார் மறுபிறவியை நம்புகிறார்கள். அதை நாம் பழிக்கலாகாது. "போன ஜென்மத்துப் பாவம்" என்ற பேச்சு நம் வீடுகளிலும் புழங்குகிறது. நம் ஈமான் வேறு. மவுத்தானவர் கெஞ்சினாலும் துன்யாவுக்குத் திரும்ப முடியாது; எழுப்பப்படும் நாள்வரை பர்ஸக் எனும் திரை உண்டு என்கிறது குர்ஆன் (23:99-100). கப்ரில் முன்கர், நகீர் கேள்வி கேட்பார்கள்.

திரும்பி வந்து சரிசெய்ய வழியில்லாததால், அவர் கடனை வாரிசுகளே தீர்க்க வேண்டும். கடன் அடையும்வரை முஃமினின் ரூஹ் அதில் தொங்கி நிற்கும் என்பது திர்மிதீயில் வரும் ஹதீஸ். மனைவிக்குக் கொடுபடாத மஹரும் கடன்தான். அடக்கச் செலவு போக, கடனை அடைத்த பிறகே சொத்தைப் பங்கு வையுங்கள். நாற்பதாம் நாள் விருந்துக்குப் பணம் ஒதுக்குமுன், மய்யித்து யாருக்கெல்லாம் பாக்கி வைத்தார் என்று விசாரியுங்கள்.