துபாயில் சம்பளமா, தனி ஆலோசகரா?

"மாதம் 15,000 திர்ஹாம் சம்பளம், ஆலோசகராக வந்தால் 20,000" என்கிறார்களா? உடனே தலையாட்டாதீர்கள்.

வேலையில் சேர்ந்தால் விசா செலவு நிறுவனத்துடையது. ஆண்டுக்கு 30 நாள் சம்பளத்தோடு விடுப்பு. ஓராண்டு முடித்தால் பணிக்கொடை வேறு: முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதன் பிறகு 30 நாள். அடிப்படை 10,000 என்றால் ஆண்டுக்கு 7,000 திர்ஹாம் சேரும். அடிப்படையைக் குறைத்து அலவன்ஸை ஏற்றிக் காட்டுவது பழைய தந்திரம். ஆஃபர் லெட்டரில் முதலில் அந்த வரியைப் பாருங்கள். (டிஐஎஃப்சி போன்ற நிதி மண்டலங்களில் விதிகள் வேறு.)

ஃப்ரீலான்ஸ் பெர்மிட் எடுத்தால் பெர்மிட், விசா, மருத்துவக் காப்பீடு, விமான டிக்கெட் எல்லாம் கைக்காசு. ஊருக்கு வந்த மாதம் பில் போட முடியாது. பன்னிரண்டு மாத வரவு 3,75,000 திர்ஹாமைத் தாண்டினால் வாட் பதிவும் கட்டாயம். என் கணக்கில், சம்பளத்தைப் போல ஒன்றரை மடங்காவது தேறினால்தான் யோசிக்கலாம்.

துணிந்துவிட்டீர்களா? பில் கொடுத்து எத்தனை நாளில் பணம் வரும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். முன்பணம் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.