இலட்சியக் கலவையும் சின்னமனூர்ப் பெட்ரோலும்

தமிழ் பயில்வோர்க்குச் சின்னமனூர், பாண்டியர் செப்பேடுகளால் அறிமுகமான ஊர். உழவர்க்கோ முல்லையாற்று நீரும் அதனால் விளையும் நெல்லும் திராட்சையும் முதற்கண் நினைவுக்கு வரும். அவ்வூர்ப் பெட்ரோல் நிலையங்களில் இக்காலத்து வாங்குவது தனிப் பெட்ரோல் அன்று. நூற்றுக்கு 20 பங்குவரை எத்தனால் என்னும் சாராயப் பொருள் சேர்ந்த கலவை. 2023ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நாட்டின் சில நிலையங்களில் தொடங்கிய இவ்வேற்பாடு 2025க்குள் எங்கும் பரவிற்று. கண்ணுக்கு ஒரே திரவமாய்த் தோன்றும் இதனைச் சாஸ்திரிகள் இலட்சியக் கலவை என்று ஒப்புவதில்லை. அதன் காரணம் யாதென ஆராய்வாம்.

இலட்சிய வாயு என்னுமிடத்து மூலக்கூறுகளிடையே கவர்ச்சியே இல்லை என்று கொள்வர். திரவத்திற்கு இவ்விதி பொருந்தாது. கவர்ச்சி இல்லையேல் திரவமே இல்லை. ஆதலின் இலட்சியக் கலவைக்கு இலக்கணம் கவர்ச்சியின்மை அன்று, வேற்றுமையின்மை. ஒரு மூலக்கூறு தன்னினத்தை எத்துணை வலிமையோடு பற்றுமோ, அத்துணை வலிமையோடே அயலினத்தையும் பற்றுதல் வேண்டும். இரண்டும் பருமனிலும் ஏறத்தாழ ஒத்திருத்தல் வேண்டும். பென்சீனும் டொலுவீனும் இதற்கு மிக அணுகிய இணை. அவற்றைக் கலந்தால் குறிப்பிடத்தக்க உஷ்ணம் தோன்றுவதுமில்லை, மறைவதுமில்லை. 50 மில்லிலிட்டரும் 50 மில்லிலிட்டரும் சேர்ந்து ஏறத்தாழ 100 ஆகவே நிற்கும்.

நெருங்கிய நட்பைப் பாலும் நீரும் கலந்தாற்போல என்பது நம் வழக்கு. உவமை அழகியதே; ஆயினும் பால் என்பது கொழுப்புத் துளிகள் நீரில் மிதக்கும் நிலையாதலின் இங்குச் சான்றாகாது.

உஷ்ண இலாபம் ஏதுமின்றி அவை ஏன் கலக்கின்றன எனின், தனித்தனியே நிற்பதற்குரிய ஒழுங்குகளினும் விரவி நிற்பதற்குரிய ஒழுங்குகள் எண்ணில் மிகப் பல என்பதே விடை. இப்பன்மையை அளக்கும் அளவை என்ட்ரோபி. இரு பொருளும் சம அளவினவாய் மொத்தம் ஒரு மோல் கலவை உண்டாகுங்கால் அது 5.76 ஜூல்/கெல்வின் உயரும். கலத்தலைத் தூண்டும் ஆற்றல் முழுதும் இதனின்றே பிறக்கிறது.

பிரெஞ்சு அறிஞர் ரவூல் 1887ஆம் ஆண்டில் வெளியிட்ட விதி இக்கருத்தோடு இயைவது: ஒவ்வொரு பொருளின் ஆவியழுத்தமும் கலவையில் அதற்குள்ள மூலக்கூற்றுப் பங்கின் அளவே நிற்கும். 25 பாகை உஷ்ணத்தில் பென்சீனுக்கு ஏறத்தாழ 95 மில்லிமீட்டர், டொலுவீனுக்கு 28. சமபங்குக் கலவையில் மொத்தம் 62 அளவாகும். மேலெழும் ஆவியில் பென்சீன் நான்கில் மூன்று பங்குக்குச் சற்று மிகும். இவ்வேற்றுமையை மீண்டும் மீண்டும் பயன்படுத்துவதே பகுத்து வடித்தல். சென்னை மணலியில் 1969 முதல் இயங்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் வடிகோபுரங்கள் செய்வதும் இதுவே.

எத்தனாலோ வேறு இயல்பினது. அதன் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் தம்முள் கைகோத்து நிற்பன. பெட்ரோலின் நடுவே இடப்பட்டால் அப்பிணைப்புகள் பல அறுகின்றன. அறுந்தவை ஆவியாய் வெளியேற விரைகின்றன. தனித்த எத்தனாலின் ஆவியழுத்தம் பெட்ரோலினதில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே. எனினும் பத்து விழுக்காடளவு சேர்த்தவுடன் பெட்ரோலின் அழுத்தம் குறையாது உயர்கிறது! ரவூல் விதி மட்டும் அறிந்தோர் இதனை எதிர்பாரார்.

நீரிடத்து எத்தனால் காட்டும் விருப்பமோ மிகப் பெரிது. இரண்டிலும் 50 மில்லிலிட்டர் கலந்தால் ஏறத்தாழ 96 மட்டுமே கிடைக்கும், கலமும் சூடேறும். இவ்விருப்பமே திராட்சைத் தோட்டத்தார்க்கு இடராவது. மருந்து தெளிக்கும் விசைத்தெளிப்பானுக்கென வாங்கிய பெட்ரோலை மூடி தளர்ந்த கேனில் மழைக்காலம் முழுதும் வைத்திருப்பின், உட்புகுந்த நீரைக் கலவை ஓரளவு வரை தாங்கும். அவ்வளவு மிகுந்தாலோ, இரவுக் குளிரால் தாங்கும் திறன் குறைந்தாலோ, எத்தனால் பெட்ரோலைக் கைவிட்டு நீரோடு சேர்ந்து அடியில் தனியடுக்காய்த் தங்கும். இயந்திரத்தின் குழாய் எரிபொருளை எடுப்பது தொட்டியின் அடியினின்றே. ஆதலின் எரிய மறுக்கும் அவ்வடியடுக்கே முதலில் உட்செல்லும். மேலடுக்கிலுள்ள பெட்ரோலும் எத்தனாலை இழந்தமையால் முன்னைய தரத்தினதன்று. கண்ணாடிக் குப்பியில் சிறிது ஊற்றிச் சற்று அசையாது வைத்துப் பார்த்தால் அடியடுக்கின் விளிம்பு தெளிவாய்த் தெரியும்.