யாருக்குச் செய்யும் தானம்?

அன்புள்ள தம்பிக்கு,

மருத்துவமனைப் படிவங்களையும் ஒப்பந்தப் பத்திரங்களையும் தமிழாக்கிச் சம்பாதிக்கத் தொடங்கியிருக்கும் நீ, இரவு வேளைகளில் புரோஸ்.காம் தளத்தில் முகமறியாத சகதொழிலாளிகளின் சந்தேகங்களுக்கு விடையெழுதி வருவதாகவும், அது பரோபகாரமா, அல்லது தன் பிழைப்பில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ளும் காரியமா என்று உன் தமையனார் கேட்டதற்குப் பதில் தோன்றவில்லையென்றும் எழுதியிருக்கிறாய்.

உபகாரந்தான், ஆனால் வெறும் உபகாரமன்று. 1999-இல் தோன்றிய அத்தளத்தின் ஏற்பாட்டைக் கொஞ்சம் கவனித்துப் பார். ஒருவர் ஒரு கலைச்சொல்லுக்கு இணை கேட்கிறார். நாலைந்து பேர் சொல்ல, வேறு சிலர் அவற்றை ஆமோதிக்கவோ மறுக்கவோ செய்கிறார்கள். கேட்டவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும் அதைச் சொன்னவர் கணக்கில் புள்ளிகள் சேருகின்றன. வேலை கொடுப்பதற்கு ஆள் தேடும் ஏஜென்சிக்காரர் பார்க்கும் பெயர்ப்பட்டியலில் அப்புள்ளிகள் உன்னை மேலே ஏற்றிவைக்கின்றன. ஆகவே நீ செய்வது பாதி தானம், பாதி விளம்பரம். இதில் லஜ்ஜைப்பட ஒன்றுமில்லை. என் அபிப்பிராயத்தில், புள்ளிகளைக் காட்டிலும் பெரிய லாபம், கைதேர்ந்த இன்னொருவர் காரணங்காட்டி உன் விடையை மறுப்பதே. அந்தப் படிப்பு எளிதில் கிடைப்பதன்று.

உன் தமையனார் அஞ்சுவது வேறொன்றை என்று நினைக்கிறேன். 2008-ஆம் ஆண்டு பேஸ்புக் நிறுவனம் தன் தளத்தின் வாசகங்களை, அதைப் பயன்படுத்துவோரைக் கொண்டே பல பாஷைகளில் பெயர்த்துக்கொண்டது. நாள்தோறும் புழங்கும் இடம் தம்முடைய மொழியில் பேச வேண்டுமென்னும் ஆசையால் அவர்கள் உழைத்தார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மறு ஆண்டு லிங்க்ட்இன் நிறுவனம், தன்னிடம் பதிவு செய்திருந்த தொழில்முறை மொழிபெயர்ப்பாளர்களையே அணுகி, தன் தளத்தைப் பெயர்த்துத் தருவதற்கு என்ன பிரதிபலன் வேண்டுமென்று விசாரித்து, தேர்ந்தெடுப்பதற்கு உயர்தரக் கணக்கு, வெறும் உல்லாசம் போன்ற விடைகளை நீட்டியபோது, அமெரிக்க மொழிபெயர்ப்பாளர் சங்கம் கண்டனக் கடிதம் எழுதிற்று. கூலி கொடுக்க வக்கில்லாத நிறுவனமன்று லிங்க்ட்இன்; 2016-இல் மைக்ரோசாஃப்ட் அதற்குப் பேசிய விலை 2,620 கோடி டாலர். சகதொழிலாளியின் சந்தேகத்தைத் தீர்ப்பது ஒன்று. முதலாளி காசு செலவழித்துச் செய்துகொள்ள வேண்டிய வேலையைச் செய்து முடித்துக் கொடுத்துவிட்டுக் கைகூப்பி நிற்பது முற்றிலும் வேறு.

மொழிபெயர்ப்பு இயந்திரத்தின் விஷயமும் இதனோடு சேர்ந்ததே. 2006-இல் வெளிவந்த கூகுள் மொழிபெயர்ப்புக்கு ஐக்கிய நாடுகள் சபையின் பத்திரங்கள் பாடமாயின. அவற்றைப் பெயர்த்தவர்கள் சம்பளம் பெற்றுக்கொண்டே பெயர்த்தார்கள். 2011-இல் தமிழும் அதில் சேர்ந்தது. பின்னர் 2014-இல், பெயர்ப்புகளைத் தரவும் சீர்தூக்கவும் பொதுமக்களையே அந்நிறுவனம் அழைத்தது. இத்தகைய அழைப்புகளை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் இஷ்டம். எனக்கு ஓய்வு இருந்தால் அதைப் பொது அகராதியாகிய தமிழ் விக்சனரிக்கே கொடுப்பேன். அங்கே சேர்த்த சொல்லைப் பெரிய நிறுவனங்களும் எடுத்துக்கொள்ளலாம், வாஸ்தவம். ஆனால் நாளைக்கு எவரும் கதவைச் சாத்திக்கொண்டு நுழைவுக் கட்டணம் கேட்க முடியாது.

இன்னொன்று, இதை நீ எழுதவில்லையாயினும் சொல்லியாக வேண்டும். அத்தகைய தளங்களில் நீ சந்தேகம் கேட்கும்போது வாக்கியத்தின் சந்தர்ப்பத்தையும் தரச் சொல்வார்கள். உன் அறிவு உன்னுடையது, யாருக்கும் கொடுக்கலாம். நோயாளியின் வியாதியைச் சொல்லும் படிவம் உன்னுடையதன்று. பெயர், ஊர், நிறுவனம் ஆகியவற்றை அகற்றிவிட்டு, தேவையான நாலு வார்த்தைகளை மட்டும் போடு. இலவச மொழிபெயர்ப்புக் கருவிகளில் முழுப் பத்திரத்தையும் ஒட்டிப் பார்க்கும் வழக்கத்தையும் விட்டுவிடு. நீ எழுதும் விடைகளை ஒரு பிரதி எடுத்து உன்னுடைய சொற்பட்டியலிலும் சேர்த்து வை. தளம் ஒருநாள் கைமாறினாலும் அது உன்னிடம் இருக்கும்.

தன் செயலியைத் தமிழாக்கத் தன்னார்வத் தொண்டராக வரும்படி ஒரு நிறுவனம் உன்னை அழைத்திருப்பதாகக் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் குறிப்பிட்டிருக்கிறாய். அவர்களிடம் எத்தனை சொற்கள் என்று கேள். சொல் ஒன்றுக்கு உன் கூலியையும் தவணையையும் மரியாதையாக எழுதி அனுப்பு. சம்மதித்தால் முன்பணம் வாங்கிக்கொண்டு தொடங்கு.

இப்படிக்கு,
உன் நலம் விரும்பும் அன்பன்