பழைய கம்ப்யூட்டரின் விண்டோஸைப் புதியதில் போடலாமா?

கேள்வி: 2019-ல் உள்ளூர்க் கடையில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தேன். ஒரிஜினல் விண்டோஸ் என்று சொல்லி, தனியாகப் பணம் வாங்கிக்கொண்டு போட்டுத் தந்தார்கள். சென்ற ஆண்டு புதிய கம்ப்யூட்டர் வாங்கியதும் பழையதை மகளுக்குக் கொடுத்துவிட்டேன், அவள் பயன்படுத்துகிறாள். அதே கீயைப் புதியதில் போட்டால் ஆக்டிவேட் ஆகவில்லை. பில் கைவசம் இல்லை. காசு கொடுத்து வாங்கியதை என் வீட்டிலேயே இன்னொரு கம்ப்யூட்டரில் போட எனக்கு உரிமை இல்லையா? வழக்குப் போடலாமா?
- வாசகர், திருச்சி

பதில்: கடைக்காரர் உங்களுக்குத் தந்தது எந்த வகை உரிமம் என்பதுதான் இதில் தீர்மானிக்கும் விஷயம். கம்ப்யூட்டரோடு சேர்த்து வரும் ஓ.இ.எம். உரிமம் என்றால், மைக்ரோசாஃப்ட்டின் நிபந்தனைப்படி அது அந்தக் கம்ப்யூட்டருக்கே உரியது. கம்ப்யூட்டர் கைமாறினால் கூடவே போகும், தனியே பிரித்தெடுக்க முடியாது. தனியாக விற்கப்படும் ரீடெயில் உரிமம் என்றால், உங்களுடைய வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றலாம். ஆனால் பழையதிலிருந்து நீக்கியாக வேண்டும். ஆக, மகளின் கம்ப்யூட்டரில் அது ஓடும்வரை, எந்த வகையானாலும் புதியதில் போட உங்களுக்கு உரிமை இல்லை. வகையை அறிய, பழைய கம்ப்யூட்டரின் கமாண்ட் பிராம்ப்ட்டில் 'எஸ்எல்எம்ஜிஆர்', ஓர் இடைவெளி, சாய்கோடு, 'டிஎல்ஐ' என்று ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள். திறக்கும் சிறு பெட்டியில் ஓ.இ.எம். அல்லது ரீடெயில் என்று இருக்கும்.

'காசு கொடுத்தேன், என் பொருள்' என்ற உங்கள் வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. என்ஜினீயரிங் அனாலிசிஸ் வழக்கில் 2021 மார்ச் 2 அன்று உச்ச நீதிமன்றம், இத்தகைய மென்பொருள் விற்பனையைப் பொருள் விற்பனையாகவே பார்த்தது. ஆனால் அது வருமான வரி வழக்கு. வாங்குபவருக்குக் கிடைப்பது பயன்படுத்தும் உரிமைதான், பதிப்புரிமை அல்ல என்பதையும் அதே தீர்ப்பு தெளிவாக்கியது. இன்னொரு கம்ப்யூட்டரில் நிறுவுவது இன்னொரு பிரதி எடுப்பதாகும். பதிப்புரிமைச் சட்டம், 1957-ன் பிரிவு 52(1)(ஏஏ), எந்த நோக்கத்துக்காக மென்பொருள் வழங்கப்பட்டதோ அதற்காகவும், இழப்புக்கு எதிரான தற்காலிகக் காப்புக்காகவும் மட்டுமே பிரதி எடுக்க இடம் தருகிறது. ஐரோப்பாவில் மறுவிற்பனையை அனுமதித்திருக்கிறார்களே என்று கேட்கலாம். யூஸ்டுசாஃப்ட் வழக்கில் 2012-ல் ஐரோப்பிய நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. அது நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. மேலும், விற்பவர் தன் பிரதியைப் பயன்படுத்த முடியாதபடி செய்துவிட வேண்டும் என்று அங்கும் நிபந்தனை உண்டு. அந்த நிபந்தனையில்கூட நீங்கள் தேறமாட்டீர்கள்.

வீட்டு உபயோகம்தானே என்ற சமாதானமும் முழுப் பாதுகாப்பு தராது. உரிமை மீறிய பிரதி என்று தெரிந்தே பயன்படுத்தினால், பிரிவு 63பி-யின்படி 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. லாப நோக்கம் இல்லையென்றால் சிறையைத் தவிர்த்து, 50,000 ரூபாய் வரை அபராதம் மட்டும் விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. ஆகவே, யாரோ விற்கும் மலிவு கீயையோ 'கிராக்' மென்பொருளையோ நாடாதீர்கள்.

போலியை ஒரிஜினல் என்று விற்றுவிட்டார் எனக் கடைக்காரர் மீது வழக்கு என்றால், முதலில் பில்லைக் கேட்பார்கள். ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்துவிட்டு, 'ஒரிஜினல் விண்டோஸ்' என்ற ஒரு வரி எழுதிய ரசீதைக்கூட வாங்கி வைக்காதது பெரும் தவறு. பாகங்களுக்கு ரசீது, மென்பொருளுக்கு வாய்ச்சொல் என்று விட்டுவிடும் இந்தப் பழக்கத்தால்தான் பல நல்ல வழக்குகள் வாசலிலேயே தோற்கின்றன. அடுத்தது தாமதம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன் பிரிவு 69-ன்படி, வழக்குக்கான காரணம் எழுந்த 2 ஆண்டுக்குள் புகார் தந்திருக்க வேண்டும். 2019 விற்பனைக்கு இப்போது போனால், தாமதத்துக்குத் தக்க காரணம் காட்ட வேண்டும். போலி என்பது இப்போதுதான் தெரிந்தது என்று வாதிடலாம். அதற்கும் ஆவணம் வேண்டுமே! பணம் செலுத்திய வங்கிக் கணக்கு விவரம், கடைக்காரருடன் நடந்த வாட்ஸ்அப் உரையாடல், கீ ஒட்டிய அட்டை ஆகியவற்றை இன்றே தேடி எடுத்துவையுங்கள்.

உங்கள் கடிதத்தில் உள்ள விவரங்களை மட்டும் வைத்துச் சொன்ன பொதுவான கருத்து இது. உரிமத்தின் வகையை உறுதி செய்துகொண்டு, கிடைத்த ஆவணங்களோடு ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். அதுவரை நோட்டீஸ் எதுவும் அனுப்ப வேண்டாம்.