கண்ணை மூடிக்கிட்டு ஒரு கார்ட்டூன் படம் பாருங்க

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் சங்கீதம் படிச்ச ஆள் கிடையாது. எல்.கே.ஜி-யில இருந்து இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல இவ்வளவு நீளமா எழுதறதே இதுதான் முதல் தடவை. பிழை இருந்தா எடிட்டர் டீம் மேல பழி போடாதீங்க, அது என்னுடையது.

இந்தக் கட்டுரை ஒரு படத்தோட பின்னணி இசையை எப்படிக் கேட்கறதுன்னு ஒரு சின்னப் பாடம். படம்: 'ராமாயணா: த லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா'. ஜப்பானும் இந்தியாவும் சேர்ந்து வேலை செஞ்ச அனிமேஷன் படம். யூகோ சாகோ, கோய்ச்சி சசாகி, நம்ம ராம் மோகன் மூணு பேரும் இயக்கினது. 1993 ஜனவரியில டெல்லி சர்வதேசத் திரைப்பட விழாவில காட்டினாங்க. அப்போ பெரிசா யாரும் கண்டுக்கல. பிறகு கார்ட்டூன் சேனல்கள் புண்ணியத்துல பசங்க நடுவுல பிரபலமாச்சு. 2025 ஜனவரியில தமிழ் டப்பிங்கோட தியேட்டருக்கும் வந்துச்சு. அதுக்கப்புறம் எல்லாரும் ஓவியத்தைப் பத்திப் பேசினாங்க. இந்தியில ராவணனுக்குக் குரல் கொடுத்த அம்ரிஷ் புரியைப் பத்திப் பேசினாங்க. இசை அமைச்சவர் பேரை எத்தனை பேர் சொன்னாங்க?

அவர் பேர் வன்ராஜ் பாட்டியா. 1927-இல மும்பையில பிறந்தவர். லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்ல படிச்சார். பிறகு பாரிஸ்ல நாடியா பூலாஞ்சே என்கிற புகழ்பெற்ற ஆசிரியைகிட்ட படிச்சார். ஊருக்குத் திரும்பி வந்து ஆயிரக்கணக்கான விளம்பரங்களுக்கு இசை போட்டார். லிரில் சோப்பு விளம்பரம் அவரோடதுதான். 'அங்கூர்' (1974) தொடங்கி ஷியாம் பெனகலோட பல படங்களுக்கு இசை. 'தமஸ்' படத்துக்கு தேசிய விருது, 2012-இல பத்மஸ்ரீ. 2021 மே மாசம் காலமானார். இவ்வளவு பெரிய ஆள் ஒரு குழந்தைகள் படத்துக்கு உட்கார்ந்து வேலை செஞ்சிருக்கார்.

எனக்கும் இது எதுவும் தெரியாது. தெரிய வெச்சது எங்க தாத்தா.

தாத்தாவும் லேப்டாப்பும்

எங்க தாத்தா ஊர் செங்கம் பக்கம். வாலிபத்துல தெருக்கூத்துல பெட்டி வாசிச்சவர். பெட்டின்னா ஆர்மோனியம். போன செமஸ்டர் லீவுல அவருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆச்சு. கொஞ்ச நாளைக்கு டிவி, போன் எதையும் உத்துப் பார்க்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். திருவண்ணாமலையில எங்க வீட்டுலதான் இருந்தார். பொழுது போகாம கட்டில்ல உட்கார்ந்திருந்தார்.

நான் பக்கத்துல லேப்டாப்ல இந்தப் படத்தைப் போட்டிருந்தேன். இந்திப் பதிப்பு. தாத்தாவுக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது. எனக்கும் ஏறக்குறைய அதே நிலைமைதான். ஹெட்போன் மாட்டப் போனேன்.

"இருக்கட்டும் கண்ணு, கேக்கறேன்"னார்.

கொஞ்ச நேரம் கழிச்சு, கண்ணை மூடின மேனிக்கே, "இப்ப யாரோ பெரிய ஆளு வரானா?"ன்னு கேட்டார். திரையில அரக்கர் கூட்டம். இன்னும் கொஞ்சம் போச்சு. "அந்தப் பொண்ணு தனியா இருக்குதா?" ஆமா, சீதை அசோக வனத்துல. கதை அவருக்கு மனப்பாடம்னு நீங்க சொல்லலாம், சரிதான். ஆனா படம் எந்த இடத்துல ஓடுதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்? வசனம் புரியல, படம் தெரியல. மிச்சம் இருந்தது இசையும் குரலோட ஏத்த இறக்கமும்தான். ரெண்டு இடத்துல தப்பாவும் சொன்னார். மத்ததெல்லாம் சரி.

அன்னிக்குத்தான் படத்தை மறுபடி ஆரம்பத்துல இருந்து ஓட்டினேன், இந்தத் தடவை கேட்கறதுக்காக. அதுல கத்துக்கிட்டதைத்தான் நாலு பாடமா கீழே தரேன்.

பாடம் 1: அனிமேஷன்ல காத்து கூட இலவசம் இல்லை

சாதாரணப் படத்துல ஒரு ஆள் நடந்தா, மைக் வெச்சா காலடிச் சத்தம் பதிவாகும். பின்னால பறவை, பஸ் ஹாரன்கூட விழும். அனிமேஷன்ல அப்படி எதுவும் கிடையாது. காகிதத்துல வரைஞ்ச ராமன் நடந்தா சத்தமே வராது. நீங்க கேட்கற ஒவ்வொரு ஒலியையும் யாரோ ஒருத்தர் யோசிச்சு வெச்சிருக்கணும்.

எடையும் அப்படித்தான். கும்பகர்ணனும் சீதையும் ஒரே மாதிரி செல் தாள்ல, ஒரே பெயிண்ட்ல வரைஞ்ச உருவம். ஒருத்தன் மலை மாதிரி, ஒருத்தி பூ மாதிரின்னு உங்க உடம்பு எப்படி நம்புது? பாதி வேலை ஓவியரோட அசைவு. மீதி ஒலி. பெரிய தோல், நீளமான கம்பி மெதுவா அதிரும், அதனால அதிர்வெண் குறைவு. முதல் வருஷ பிசிக்ஸ்தான். தாழ்ந்த ஒலி கேட்டா, "பெருசா ஏதோ இருக்கு"ன்னு காது முடிவு பண்ணிடும். தாத்தா "பெரிய ஆளு"ன்னு சொன்னது அதனாலதான்.

பாடம் 2: இசைக்குப் பின்னால ஒரு கணக்கு

நம்ம காலேஜ் இதழ், கணக்கு இல்லாம விட முடியுமா?

சினிமா நொடிக்கு 24 ஃபிரேம். படத்தோட நீளம் 135 நிமிஷம். 135 × 60 × 24 = 1,94,400 ஃபிரேம். கையால வரையற அனிமேஷன்ல பல இடங்கள்ல ஒரு ஓவியத்தையே ரெண்டு ஃபிரேமுக்கு நிறுத்துவாங்க. அப்போ நொடிக்கு 12 ஓவியம்.

இப்போ இசை. நிமிஷத்துக்கு 120 தட்டுன்னா ஒரு தட்டுக்கு அரை நொடி, அதாவது 12 ஃபிரேம். 90 தட்டுன்னா 16 ஃபிரேம். 80 தட்டுன்னா 18. வாள் வெட்டு 48-ஆவது ஃபிரேம்ல விழணும்னா, 120 வேகத்துல சரியா நாலு தட்டு தள்ளி. 80 வேகத்துல வெச்சா ரெண்டே முக்கால் தட்டுக்குக் கொஞ்சம் முன்னாடியே வெட்டு விழுந்துடும், தாளத்துல உட்காராது. அதனால எந்த வேகத்துல இசை அமைக்கறதுங்கறது வெறும் ரசனை விஷயம் இல்லை, இது டைமிங் டிசைன். கம்ப்யூட்டர் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே இந்தக் கணக்கைப் போட்டாங்க.

இதோட ஒரு எல்லை 'டாம் அண்ட் ஜெர்ரி'. அதுக்கு இசை அமைச்ச ஸ்காட் பிராட்லி, பூனையோட ஒவ்வொரு அடிக்கும், ஒவ்வொரு கண் சிமிட்டலுக்கும் ஒரு சுரம் வெப்பார். சிரிப்புக்கு அது அருமை. ஆனா ராமன் காட்டுக்குப் போற காட்சியில ஒவ்வொரு அடிக்கும் டொய்ங் டொய்ங்னு வெச்சா என்ன ஆகும்? அந்த மாதிரி இடத்துல இசை காலைப் பின்தொடரக் கூடாது, மனசைப் பின்தொடரணும். பாட்டியா எந்த இடத்துல காலோட போறார், எந்த இடத்துல மனசோட போறார்னு கவனிச்சுக் கேளுங்க. பாதிப் படம் அதுலயே புரிஞ்சுடும்.

பாடம் 3: திரைக்குப் பின்னால யாரு?

மேற்கத்திய இசையில 'லைட்மோட்டிஃப்'னு ஒரு சங்கதி உண்டு. ஒரு ஆளுக்கோ இடத்துக்கோ உணர்ச்சிக்கோ ஒரு சின்ன மெட்டு. அது வந்தா அவர் வரார்னு அர்த்தம். ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர் பேரைச் சொல்லி இதை விளக்குவாங்க. நான் யூட்யூப்ல பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டு, பெருமையா தாத்தாகிட்ட விளக்கினேன்.

அவர் சிரிச்சார். "இத்த தான நாங்க ராத்திரியெல்லாம் செஞ்சோம்"னார்.

நம்ம மாவட்டத்துல திரௌபதி அம்மன் திருவிழாவுல பாரதக் கூத்து பார்த்திருப்பீங்க. ரெண்டு பேர் ஒரு துணியைப் பிடிச்சுக்குவாங்க. வேஷம் கட்டினவர் அதுக்குப் பின்னால நின்னு பாடுவார். முகவீணை, மத்தளம், தாளம், பெட்டி எல்லாம் சேரும். முகம் இன்னும் தெரியாது. ஆனா துரியோதனனா, அர்ச்சுனனான்னு ஜனங்களுக்குத் தெரிஞ்சுடும். "துணி வெலகறதுக்கு முன்னாடியே ஆளு வந்துடணும், அது எங்க வேல"ன்னு தாத்தா சொன்னார். ராஜா வேஷத்துக்கு வாசிக்கற மாதிரி கட்டியங்காரனுக்கு வாசிச்சா ஜனம் சிரிக்குமாம்.

வாக்னர் தெரிஞ்ச எனக்கு, பத்து அடி தள்ளி கட்டில்ல உட்கார்ந்திருந்தவர் செஞ்ச வேலை தெரியல. சின்ன வயசுல கூத்துக்குக் கூட்டிட்டுப் போனா பாய்ல படுத்துத் தூங்கிடுவேன். ஸ்கூல்ல "உங்க தாத்தா என்ன வேலை?"ன்னு கேட்டா "ஃபார்மர்"னு மட்டும் சொல்லுவேன். அதுவும் உண்மைதான், ஆனா பாதி உண்மை.

பாடம் 4: பாலம் கட்டற பாட்டு

வானரங்கள் கடல்ல பாலம் கட்டற இடத்துல ஒரு பாட்டு வருது. இந்திப் பதிப்புல இந்தியில, ஆங்கிலப் பதிப்புல பாடல்கள் சமஸ்கிருதத்துல. மொழியை விடுங்க, பாட்டோட வேலையைப் பாருங்க. அது கோரஸ். கூட்டமா ஒரு வேலை செய்யறப்போ வர்ற பாட்டு. நம்ம ஊர்ல நடவுப் பாட்டு, ஏத்தப் பாட்டு எதுக்கு இருந்துச்சு? எல்லாரும் ஒரே நேரத்துல கையை அசைக்க. எலக்ட்ரானிக்ஸ் பசங்களுக்குச் சொல்லணும்னா, அது ஒரு கிளாக் சிக்னல்.

திரைக்கதையா பார்த்தா இது ரொம்பக் கஷ்டமான இடம். நாள் கணக்கா நடக்கற வேலையை சில நிமிஷத்துல காட்டணும். பாட்டு இல்லாம பார்த்தா துண்டு துண்டா வெட்டின ஷாட்டுகள்தான் மிஞ்சும். தாளம்தான் அதையெல்லாம் ஒரே வேலையா தைக்குது. தாத்தா இந்த இடத்துல எதுவும் யூகிக்கல. தொடையில தாளம் போட ஆரம்பிச்சுட்டார்.

வீட்டுப்பாடம்

ஒரே காட்சி, அஞ்சு நிமிஷம் போதும். மூணு தடவை ஓட்டுங்க.

ஒண்ணு: சத்தத்தை அடைச்சுட்டுப் பாருங்க. யாருக்கு எடை குறைஞ்சுபோச்சு, எந்த இடம் இழுவையா இருக்குன்னு எழுதி வைங்க.

ரெண்டு: கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க. யார் வரா, என்ன மனநிலைன்னு யூகிங்க. இசை எங்க நின்னுபோகுதுன்னும் குறிச்சுக்கங்க. நிறுத்தறதும் இசையமைப்பாளர் எடுக்கற முடிவுதான்.

மூணு: ரெண்டும் சேர்த்துப் பாருங்க. நீங்க எழுதினதோட ஒப்பிடுங்க.

இது பழகினா தமிழ்ல முயற்சி பண்ண இன்னொரு படம் இருக்கு. 2007-இல வந்த 'இனிமே நாங்கதான்'. முழுநீள அனிமேஷன், இசை இளையராஜா. அவரோட நூத்துக்கணக்கான பாட்டு நமக்கு மனப்பாடம், இந்தப் படத்தோட பேரு எத்தனை பேருக்குத் தெரியும்? குழந்தைங்க படம்னா இசையும் சும்மா இருக்கும்னு நாமளே முடிவு பண்ணிடறோம்.

தாத்தாவுக்கு இப்போ கண் நல்லாத் தெரியுது. ஊருக்குப் போயிட்டார். போறதுக்கு முன்னாடி பரண்ல கிடந்த பெட்டியைப் பத்திக் கேட்டேன். "நாலு கட்ட பேசாது, துருத்தி கிழிஞ்சிருக்கும்"னார். போன ஞாயித்துக்கிழமை செங்கம் பஸ் பிடிச்சுப் போய் இறக்கி வெச்சோம். துருத்தி கிழியல. அஞ்சு கட்டை பேசல. மிச்சக் கட்டையில துரியோதனன் எப்படி வருவான்னு வாசிச்சுக் காட்டினார். நான் கண்ணை மூடிக்கிட்டேன்.