வகுப்பறைப் பாடமும் களப்பயணமும்



கல்வி உதவி கேட்டு நமது அலுவலகத்துக்கு வரும் தாய்மார்கள் அடிக்கடி சொல்லும் சொல் இது: "நோட்டு, சீருடைக்குக் கேட்டால் கொடுத்துவிடலாம். பிள்ளைகளைச் சுற்றிப் பார்க்கக் கூட்டிப்போகவும் பணம் கேட்கிறார்களே!" மாதக் கடைசியில் வேன் கட்டணத்துக்கே திண்டாடும் வீட்டில் இந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குக் களப்பயணம் வெறும் ஊர் சுற்றல் அல்ல, பாடத்தின் ஒரு பகுதி. அது எப்படி என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

சிறு பிள்ளை முதலில் பொருளைப் பார்க்கிறது, தொடுகிறது. அதன் பிறகே அதற்கான சொல் மனதில் நிற்கிறது. ஏழு வயது முதல் பதினொரு வயது வரை பிள்ளைகள் கண்முன் உள்ள பொருள்களைக் கொண்டே சிந்திக்கிறார்கள் என்று ழான் பியாஜே என்ற உளவியல் அறிஞர் விளக்கினார். பள்ளி அறிவை வெளியுலக வாழ்வோடு இணைக்க வேண்டும் என்பதை 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும் முதல் கொள்கையாக வைத்தது. வானத்தையும் மலையையும் ஒட்டகத்தையும் பார்த்துச் சிந்திக்கச் சொல்லும் மார்க்கத்தில் வந்த நமக்கு இது புதிய செய்தி அல்ல.

நம் ஊரிலிருந்தே இரண்டு எடுத்துக்காட்டுகள்.

முதலாவது, பல்லாவரம். 1863 மே 30ஆம் தேதி, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரத்தில் சரளை தோண்டிய பள்ளம் ஒன்றில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அது தானாக உடைந்த கல் அல்ல, ஆதி மனிதன் கையால் செதுக்கிய கைக்கோடரி என்று அறிந்துகொண்டார். இந்தியாவில் அடையாளம் காணப்பட்ட முதல் பழைய கற்காலக் கருவி அதுவே. அவர் திரட்டிய தொல்பொருள் தொகுப்பு இன்று எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது. "கற்கால மனிதன் கல்லைக் கருவியாகப் பயன்படுத்தினான்" என்று பத்து முறை எழுதும் பிள்ளைக்கு அது ஒரு வரி மட்டுமே. தான் தினமும் கடக்கும் பல்லாவரத்தில் அப்படியொரு கல் கிடைத்தது என்று கேட்டு, அதுபோன்ற கருவிகளைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு அது மறக்காத பாடம்.

அந்தப் பயணத்தில் மின்சார ரயிலும் ஒரு வகுப்பறைதான். தாம்பரத்துக்கும் எழும்பூருக்கும் இடையில் 13 நிலையங்கள். பெயர்ப் பலகைகளை வாசிப்பது மொழிப் பாடம். ஒவ்வொரு நிலையத்துக்கும் எத்தனை நிமிடம் என்று எழுதுவது கணக்குப் பாடம்.

இரண்டாவது, மழைநீர். 2015 டிசம்பர் வெள்ளத்தை நம்மில் யாரும் மறக்கவில்லை. முடிச்சூர் பக்கத்துத் தண்ணீர் அடையாற்றுக்குப் போகிறது. கிழக்கே செம்பாக்கம் ஏரி நிரம்பி வழிந்தால், அந்த நீர் அடுத்தடுத்த ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சேர்கிறது. அச்சதுப்பு நிலம் 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. ஏரிக்கரையில் நின்று "இந்தத் தண்ணீர் எங்கே போகும்?" என்று கேட்கும் பிள்ளை, கால்வாயில் குப்பை போடக் கூடாது என்பதை யாரும் சொல்லாமலே புரிந்துகொள்ளும்.

ஆனால் பேருந்தில் ஏற்றி இறக்கினால் மட்டும் பாடம் ஆகிவிடாது. மூன்று படிகள் தேவை.

போகும் முன்: என்ன பார்க்கப் போகிறோம் என்று வகுப்பில் பேசி, ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு கேள்விகளாவது எழுதிக்கொள்ள வேண்டும்.

போன இடத்தில்: எல்லாவற்றையும் பார்க்க ஓடக் கூடாது. வண்டலூர் உயிரியல் பூங்கா 602 எக்டேர் பரப்புள்ளது. ஒரே நாளில் முழுவதும் பார்த்தால் கால்வலிதான் மிஞ்சும். மான் எப்படி அசைபோடுகிறது, நீர்ப்பறவையின் அலகு எப்படி இருக்கிறது என்று நாலைந்து உயிரினங்களை நின்று பார்த்து, படம் வரைந்தால் போதும்.

திரும்பிய பின்: பார்த்ததைச் சொல்லவும் எழுதவும் வேண்டும். உண்மையான கற்றல் இங்கேதான் நடக்கிறது.

இந்த மூன்றாவது படியில்தான் நமக்குக் கவலை. பயண நாளன்று வீட்டில் நிறுத்தப்பட்ட பிள்ளை, மறுநாள் வகுப்பே பேசி எழுதும்போது வெறும் தாளோடு உட்கார்ந்திருக்கிறது. இழந்தது ஒரு நாள் அல்ல, அதைத் தொடர்ந்து வரும் பாடங்கள். அதைவிட, "நம்மால் முடியாது" என்ற எண்ணம் எட்டு வயதிலேயே மனதில் பதிந்துவிடுகிறது. பையனை அனுப்பிவிட்டுப் பெண் பிள்ளையை மட்டும் நிறுத்தும் வீடுகளும் உண்டு. அந்தப் பயம் நமக்குப் புரிகிறது. அதற்கு வழி நிறுத்துவதல்ல, விசாரிப்பது. எத்தனை ஆசிரியைகள் உடன் வருகிறார்கள்? கழிப்பறை வசதி உண்டா? எத்தனை மணிக்குத் திரும்புவார்கள்? தொடர்பு எண் எது? இவற்றைத் தயங்காமல் பள்ளியில் கேளுங்கள். உணவைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் வீட்டுச் சாப்பாட்டையே கட்டிக் கொடுங்கள்.

பள்ளி அழைத்துப் போகாவிட்டால் நாமே போகலாம். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமையும், வண்டலூர் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமையும் வார விடுமுறை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஏரிக்கரைக்கும் தபால் நிலையத்துக்கும் கட்டணமே இல்லை.

நமது கல்வி உதவி விண்ணப்பத்தில் இனி களப்பயணச் செலவையும் எழுதலாம். பள்ளியின் அறிவிப்புத் தாளை இணைத்தால் போதும். யாருக்கு உதவினோம் என்பது வெளியே தெரியாது. வசதியுள்ளவர்கள் தம் பிள்ளைக்குப் பணம் கட்டும்போது, இன்னொரு பிள்ளைக்கும் சேர்த்து ஸதகாவாகத் தரலாம். இன்ஷா அல்லாஹ், இந்தக் கல்வியாண்டில் பணமில்லை என்பதற்காக நம் ஜமாஅத்தின் எந்தப் பிள்ளையும் வீட்டில் நிற்க வேண்டாம்.

வஸ்ஸலாம்.