மழைநீர்ச் சதுப்பு

நுழையும்முன்

செடி தழைக்க நீரும் உரமும் வேண்டும் என்பது நாம் அறிந்தது. ஆனால், உரமிட்டால் மடியும் செடிகளும் உள்ளன. உப்பு மிகுந்த கிணற்றுநீரும் அவற்றுக்குப் பகையாகும். அத்தகைய செடிகளைத் திருப்பூரில் வளர்க்க இயலுமா? இவ்வினாவிற்கு விடை தேடினால், நம் ஊர் நீரின் வரலாறும் உடன் விளங்கும்.

பூச்சி உண்ணும் தாவரங்கள்

சதுப்பு நிலத்தில் நீர் மிகுதி. நைட்ரஜன் முதலிய ஊட்டங்கள் குறைவு. அக்குறையை ஈடுசெய்யவே சில தாவரங்கள் பூச்சிகளைப் பிடித்துச் செரிக்கின்றன. 1875ஆம் ஆண்டு சார்லஸ் டார்வின் இவற்றைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். நீலகிரியின் ஈரநிலங்களில் ட்ரசீரா எனப்படும் சூரியப் பனித்துளிச் செடி வளர்கிறது. அதன் இலைமயிர்களின் நுனியில் திரளும் பசைத்துளியில் சிறு பூச்சிகள் ஒட்டிக்கொள்கின்றன. ட்ரசீரா பர்மன்னி என்னும் சிற்றினம் சமவெளி வெப்பத்தையும் தாங்கும்.

நீரும் உப்பும்

ஒரு லிட்டரில் 500 மில்லிகிராம் வரை உப்புகள் கரைந்த நீரைக் குடிநீராக ஏற்கலாம் என்பது இந்தியத் தர அளவு. இச்செடிகளை வளர்ப்போரோ 50 மில்லிகிராமுக்கு உட்பட்ட நீரையே நாடுவர். திருப்பூரில் பல இடங்களின் நிலத்தடி நீர் இவ்வளவைப் பன்மடங்கு கடந்தது.

பருத்தித் துணியில் சாயம் பற்றுவதற்கு உப்பு சேர்க்கின்றனர். அவ்வுப்பு துணியில் தங்காமல் கழிவுநீரோடு வெளியேறும். பல்லாண்டுகள் அது நொய்யலில் கலந்தது. பாசனத்திற்காக 1992இல் அமைந்த ஒரத்துப்பாளையம் அணை, வயலுக்கு உதவாத நீரின் தேக்கமாயிற்று. கழிவுநீர் வெளியேற்றத்தை அறவே நிறுத்தும்வரை சாய ஆலைகளை மூடுமாறு 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. இன்று கழிவுநீரிலிருந்து நீரையும் உப்பையும் மீட்டுப் பயன்படுத்தும் முறை உள்ளது. எனினும், நிலத்துள் இறங்கிய உப்பு எளிதில் நீங்குவதில்லை.

சதுப்பை அமைத்தல்

வெயில் படும் முற்றத்தில் ஒன்றரை அடி உயரத்திற்குச் செங்கல் தொட்டி கட்டுக. சிமெண்டின் சுண்ணாம்பு கலவாதவாறு உட்புறம் தடித்த நெகிழித்தாள் விரிக்க. விளிம்பிலிருந்து கால் அடி கீழே பக்கவாட்டில் துளையிடுக. மிகைநீர் அவ்வழியே வடியும். தென்னைநார்த் தூளை மழைநீரில் பலமுறை ஊறவைத்து அலசி, கழுவிய ஆற்றுமணலோடு கலந்து நிரப்புக. உரமும் செம்மண்ணும் சேர்த்தலாகாது. மலையிலிருந்து செடியைப் பெயர்த்து வருதல் கூடாது. விதையிலிருந்து வளர்த்த செடியே தக்கது.

திருப்பூர் மழை குறைந்த பகுதி. ஆயினும் 10 சதுரமீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 100 லிட்டர் நீர் கிடைக்கும். அதனை மூடிய கலனில் சேமித்து ஊற்றலாம்.

நீர் ஆவியாகும்; உப்பு ஆவியாகாது. ஒவ்வொரு குவளை நீரும் கொண்டுவரும் உப்பு தொட்டியிலேயே தங்கி, நாளடைவில் செடியைக் கொல்லும். தொட்டியில் சில திங்களில் நிகழ்வது, ஆற்றுப்படுகையில் பல ஆண்டுகளில் நிகழ்ந்தது. தொட்டியின் கலவையை ஒரே நாளில் மாற்றிவிடலாம். ஆற்றின் நிலத்தை அவ்வாறு மாற்ற இயலாது.

கற்பவை கற்றபின்

உங்கள் வீட்டுக் குழாய்நீர், கிணற்றுநீர், மழைநீர் ஆகியவற்றில் கரைந்துள்ள உப்பின் அளவைக் கருவியால் அளந்து, வேறுபாட்டிற்கான காரணங்களை வகுப்பில் கலந்துரையாடுக.